மேகம் மூடிய நாள்

ஆஸ்ட்ராவாவில் வெயில் அடித்தால் எனக்கு வேலையில்லை.
நிழல் விழுந்ததும் கட்டடங்கள் நடிக்கத் தொடங்கிவிடும்.
இன்று நல்ல சாம்பல் வானம்.
முக்காலியை ஊன்றி
நீர்மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

கோக் ஆலையின் பின்சுவர்.
நாற்பத்தொரு ஜன்னல். ஒன்பதில் கண்ணாடி இல்லை.
மூன்று குழாய்கள்; நடுக்குழாய்க்கு மட்டும் புது வண்ணம்,
அதுவும் ஏணி எட்டிய உயரம் வரைக்கும்தான்.

சுவரின் அடியை மறைத்து ஒரு நீல ஸ்கோடா.
எதிர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியிலிருந்து
வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார் போஹுமில்.
பத்திரிகையா, விலைபேச வந்தவளா என்று கேட்டார்.
இரண்டும் இல்லை.
"அப்படியென்றால் இதில் என்ன இருக்கிறது?"
"சுவர் இருக்கிறது."
சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
"இருக்கத்தான் செய்கிறது" என்றார்.

காரை எடுத்து மூலையில் விட்டுவிட்டு
என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
தன்னைத்தான் எடுக்கிறார்கள் என்பதுபோல.

எட்டு நொடி.

இரவு, இருட்டறைத் தட்டில் மெல்ல எழுந்து வந்தன
சுவர், ஜன்னல்கள், குழாய்கள்.
எண்ணிக்கை சரி.
கீழே, விடிகாலைத் தூறல் நனைத்த தாரில்
காய்ந்த ஒரு நீள்சதுரம்.

வெட்டிவிடலாம், ஒரு விரல் அகலம்கூட இல்லை.
கத்தியை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
படத்தின் பின்னால் பென்சிலால் எழுதினேன்:
தேதி. தெரு. எட்டு நொடி.
தரை ஈரம்,
ஒரு காரின் அளவுக்கு மட்டும் ஈரமில்லை.