கழிவு

சுன்னாகம் சந்தையில் துண்டு எழுதுகிறவன் நான்.
காலை நாலரைக்குப் பல்ப் எரியும்.
ஏழாலையும் குப்பிழானும் புன்னாலைக்கட்டுவனும்
சாக்குச் சாக்காய் வந்திறங்கும்.
தராசடியில் நிற்பவன் நிறையைக் கூவுவான்.
நான் தசம் ஒன்பதால் பெருக்கி,
பிறகு விலையால் பெருக்கி எழுதுவேன்.
என் கால்குலேட்டரில் எழுத்தழிந்த பொத்தான்கள் இரண்டு:
ஒன்பதும், தசமப் புள்ளியும்.

கழிவு என்று அதற்குப் பெயர்.
நூறுக்குப் பத்து.
ஏன் என்று கேட்டால்
மண் ஒட்டியிருக்கும் என்போம்,
வாடும் என்போம்,
அடியில் சொத்தை கிடக்கும் என்போம்.
கழுவித் துடைத்துக் கொண்டுவந்த கரட்டுக்கும் அதே பத்து.
சாக்கின் நிறை வேறாய்.

குலவீரசிங்கம் முதலாளி வெள்ளிக்கிழமை மச்சம் தொடார்.
கடன் என்று வந்தவனுக்கு
வட்டி இல்லாமல் கொடுத்திருக்கிறார், நான் சாட்சி.
"நாங்களே தொடங்கினது? சந்தை வழமை" என்பார்.
அதுவும் பொய்யில்லை.

நானும் நேர்மையானவன்தான்.
வீட்டுக்குப் போகும் வழியில் பெற்றோல் செட்டில்
மீற்றர் சுழியத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பேன்.
மீன்காரன் தட்டில் விரல் வைத்தால்
அவன் எடுக்கும்வரை
அந்த விரலையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கார்த்திகை மழை விட்ட ஒரு செவ்வாய்.
இராசமலர் என்று துண்டில் பெயர்.
கத்தரிக்காய், நாற்பத்தாறு கிலோ.
காம்புகளில் இன்னும் தண்ணீர் நின்றது.
கழிவு போக நாற்பத்தொன்று தசம் நாலு,
கிலோ நூற்றெண்பது.
ஏழாயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு வரவேண்டும்.
இரண்டு மணிக்கே விழித்த கண்
நானூறை எழுநூறாய் எழுதிற்று.
காசாளர் எழுதியபடி கொடுத்தார்.
அவள் எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வெறுங்கையோடு வந்தாள்.
சைக்கிளைத் தூணில் சாத்திவிட்டு
நேரே என் மேசைக்கு.
"தம்பி, நேற்றுக் கணக்குப் பிழை."
எனக்குத் தெரிந்த பிழை எல்லாம்
அவர்கள் பக்கம் குறைகிற பிழை.
துண்டைப் பார்க்காமலே சொன்னேன்,
"எங்கட கணக்குப் பிழைக்காது அக்கா."
துண்டைத் திருப்பிக் காட்டினாள்.
பின்பக்கம் பென்சிலில் பெருக்கல்,
பள்ளிக்கூடப் பிள்ளையின் வட்ட எழுத்து,
ஒரு இடத்தில் அழிறப்பர் தேய்த்துக் கடதாசி கிழிந்திருந்தது.
"முந்நூறு கூடத் தந்திட்டியள்."

மேசையில் வைத்தாள்.
நூறு இரண்டு, ஐம்பது ஒன்று, இருபது ஒன்று.
எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.
"இருநூற்றெழுபதுதானே கிடக்கு?"

"ஓம்.
கழிவு கழிச்சிருக்கிறன்."

அவள் சிரிக்கவில்லை.
தராசடியில் நின்றவன் சிரித்தான்.
முதலாளி இருமல் வரும்வரை சிரித்தார்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு "வாய்க்காரி" என்றார்.
பிறகு கொஞ்ச நேரம்
நோட்டுகளை மடித்து மடித்து விரித்தபடி இருந்தார்.
அவள் போய்விட்டாள்.
பின் சில்லில் காற்றுக் குறைவு.

இருநூற்றெழுபதை எங்கே எழுதுவது?
வரவென்றால் எதன் வரவு?
அந்த முப்பதைச் செலவில் போட்டால்
என்ன செலவென்று எழுதுவது?
கொப்பியை முன்னும் பின்னும் புரட்டினேன்.
கழிவுக்கு அதில் நிரலே இல்லை.
பதினொரு வருடத்தில் அன்றுதான் கண்டேன்:
கழித்தபின் மிஞ்சியதைத்தான்
இவ்வளவு காலமும் நிறை என்று எழுதியிருக்கிறேன்.

விடிய நாலரைக்குப் பல்ப் எரிந்தது.
"வெங்காயம், அம்பது!" என்று கூவினான்.
கொண்டுவந்தவர் என்னைப் பார்க்கவில்லை,
தராசையும் பார்க்கவில்லை,
தேத்தண்ணிக் கடைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்பத்தைந்து என்று எழுதினேன்.
எழுதமுன் ஒருதரம்
பேனையை உதறினேன்,
மை வராததுபோல.