இடப்பக்கம் இழுக்கும்

முதல் பலகையை ரெசின் தின்றுவிட்டது.

முதுநகரில், ஜெய்லானியின் படகு ஒட்டும் ஷெட்டில்
மீன்பெட்டித் தெர்மாகோலை அடுக்கி ஒட்டி,
நாலு ஞாயிறு உப்புத்தாளால் தேய்த்து,
மூக்கு, வயிறு, வால் என்று
ஒரு மாதிரி கொண்டுவந்திருந்தேன்.
படகுக்குப் பூசுகிற சரக்குதானே என்று
ஒரு மக் ஊற்றினேன்.
சீறியது.
குழிக்குள் குழி விழுந்தது.
என் நாலு ஞாயிறும்
ஒரு கைப்பிடிப் பிசினாகக் கிடந்தன.

சிப்காட்டில் எட்டு வருடமாக லேப் வேலை எனக்கு.
எது எதைக் கரைக்கும் என்று
சுவரில் பட்டியல் தொங்கும்.
அதற்குக் கீழேதான் தினமும்
சோற்று டப்பாவைத் திறக்கிறேன்.

"வேற பசை வேணும். பாண்டில கெடைக்கும்."

கிடைத்தது. இரண்டு டப்பா எபாக்சி,
தீபாவளி போனஸில் பாதி.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
முள்ளோடையில் ஏறிய போலீஸ்காரர்
குலுக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்து முகர்ந்தார்.
"என்னம்மா சரக்கு இது?"
"பலகை செய்ய."
"என்ன பலகை?"
பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
அலைமேல் நிற்க என்று சொல்ல
வாய் வரவில்லை.
"பரண் பலகை" என்றேன்.

இரண்டாவதற்கு முதுகெலும்பு வைத்தேன்.
தானே புயலில் சாய்ந்த பலாவின் ஒரு துண்டு,
பண்ருட்டிச் சித்தப்பா வீட்டில்
கோழிக்கூண்டுக்கு மூடியாக இருந்தது.
இழைக்க இழைக்க மஞ்சள்.
வெள்ளைக்கு நடுவே வகிடுபோல ஓடியது.
துடுப்பு மூன்றும் உடைந்த கேரம் போர்டு;
ஒன்றில் சிவப்பு வட்டம் கால்வாசி
இன்னும் இருக்கிறது.
கால்கயிறு, சைக்கிள் ட்யூப்.

பசை காயும்வரை, புதுப்பாளையத்து வாடகை அறையில்
அது கட்டிலில் படுத்தது, நான் தரையில்.
வீட்டுக்கார பத்மாசனி அம்மா எட்டிப் பார்த்து
"இஸ்திரி மேசைன்னா கால் எங்கடி?" என்றார்.
என் கால்தான் என்று சொல்ல
அன்றைக்குத் தோன்றவில்லை.

தேவனாம்பட்டினம். காலை ஐந்தே முக்கால்.
வலை உதறிக்கொண்டிருந்தவர்கள்
பார்க்காததுபோல் பார்த்தார்கள்.
மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துவிட்டு இறங்கினேன்.
முதல் அலை வாயிலேயே அடித்தது.
இரண்டாவதும்.
ஏழாவதோ எட்டாவதோ,
முழங்கால் ஒன்று, பாதம் ஒன்று,
பிறகு இரண்டு பாதமும்.
பலகை இடப்பக்கம் இழுத்தது, பிடிவாதமாக,
அந்தப் பக்கத்தைத் தேய்த்த நாளில்
எனக்குக் காய்ச்சல்.
மஞ்சள் வகிடு கரையைப் பார்த்தது.
ஒன்று, இரண்டு, மூ

ஜெய்லானி பலகையைத் தூக்கிக் காதோரம் வைத்து
தேங்காய்போல ஆட்டினான்.
தளக், தளக்.
"நல்லா முத்தியிருக்கு" என்றான்.

இரவு. ஜன்னல் கம்பியில்
வால் கீழாகச் சாய்த்து வைத்திருக்கிறேன்.
அடியில் பிளாஸ்டிக் வாளி.
சொட்டு.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
சொட்டு.
எண்ணி முடிக்காத அந்த இடத்தில்
உள்ளங்கால் இன்னும் கூசுகிறது.
ஞாயிற்றுக்கிழமை ஓட்டையைத் தேட வேண்டும்.
வலது துடுப்புக்குப் பக்கத்தில் என்று நினைக்கிறேன்,
சிவப்பு வட்டம் இருக்கிறதே, அது.
சொட்டு.