ஈரக் கழிவு

குலசேகரத்தில் ஏறும்போது வெயில்.
தக்கலையில் மழை.
நாகர்கோவிலில் இரண்டும் இல்லை,
ஒரு நசநசப்பு மட்டும்.
கையில் தொள்ளாயிரம் ரூபாய்.

பழைய புத்தகக் கடை புரூனோ
தராசில் வைத்துத்தான் விலை சொல்வார்.
கதை கிலோ நூற்றிருபது.
கம்ப்யூட்டர் எண்பது.
ஏன் என்றால்
‘அது சீக்கிரம் ஊசிப்போகும்லா.’

நான் பதினோரு வருஷமாக
ரப்பர் ஷீட் எடை போடுகிறவள்.
தராசை நம்பி எதையும் வாங்க மாட்டேன்.

முதலில் தூக்கியது செங்கல் கனம்.
நிறுவும் விதத்துக்கே நூறு பக்கம்,
படம் படமாக,
இந்தப் பொத்தானை அழுத்து, அடுத்ததை அழுத்து.
அந்தப் பொத்தான்களே இப்போது கிடையாது.
ஈரம். கழித்துவிடலாம்.

அடுத்தது, முப்பது நாளில் எல்லாம் வரும் என்றது.
நட்டு ஏழு வருஷம் காத்துப் பால் எடுக்கிற ஊர் எங்களுடையது.
வைத்துவிட்டேன்.

மூன்றாவது தமிழ்.
நிரல் புரிந்தது. மாறிலி வரைக்கும் வந்தேன்.
‘நிகழ்வுக் கையாளி’ என்றதும்
யாரோ கையும்களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது.

ஷீட்டை நாங்கள் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்போம்.
குமிழி, பூசணம், கரி, எல்லாம் தெரியும்.
புத்தகத்தை எப்படிப் பிடிப்பது?
எனக்குத் தெரிந்த வழி இவ்வளவுதான்:
நடுவே திற.
பிழை வந்தால் என்ன செய்ய என்று
ஒரு பக்கமாவது இருக்கிறதா, பார்.
எல்லாம் ஓடும், எப்போதும் ஓடும் என்று
சிரித்துக்கொண்டே போகிற புத்தகம்
பெண்பார்க்க வந்த மாப்பிள்ளை.

அடியில் ஒன்று கிடந்தது. ஒல்லி. அட்டை இல்லை.
ஓரத்தில் பென்சில்: ‘வரி 14, ஓடாது.’
கீழே, வேறொரு நாள் சீவிய கூரில்:
‘ஓடுது. நான்தான் தப்பு.’
இரண்டுக்கும் நடுவே எத்தனை ராத்திரியோ.
முந்நூறு கிராம், இருபத்துநாலு ரூபாய்.
மீதிக்கு ஒரு ரீசார்ஜும்
ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வற்றலும்.

பெரிய காரியமொன்றும் இல்லை.
எங்கள் கடைக்கு ஷீட் கொண்டுவருகிற நாற்பத்திரண்டு பேரும்
தங்கள் கணக்கைத் தங்கள் போனில் பார்க்க ஒரு பக்கம்:
கிலோ, விலை, ஈரக் கழிவு, மீதி.

மூன்று வாரம்.
பெயர் வந்தது. எடை வந்தது. பெருக்கல் வந்தது.
ஒரு ராத்திரி றோசிலியின் பெயருக்கு எதிரே
ஒரு கோடி ரூபாய் வந்தது.
‘நான்தான் தப்பு’ என்று
நானும் பென்சிலில் எழுதினேன்.

பிறகு ஐந்தாம் அத்தியாயம்.
ஒரு வாக்கியத்தைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள்:
விதியை முதலில் உன் பேச்சில் எழுது.
எழுத வராவிட்டால் கணினியைத் திட்டாதே.

எழுத உட்கார்ந்தேன்.
ஷீட் ஈரமாக இருந்தால், கழிவு
எவ்வளவு?
றோசிலிக்குக் கிலோவுக்கு ஐம்பது கிராம்.
அதே மழையில், அதே புகைப்புரையில் காய்ந்த
கவுன்சிலர் வீட்டு ஷீட்டுக்கு ஒன்றுமில்லை.
முதலாளி தாசையன் கண்ணால் பார்த்துச் சொல்வார்.
எழுதியது பதினோரு வருஷமும் என் கை.

காலையில் கேட்டேன்,
‘ஈரம் எவ்வளவு இருந்தா எவ்வளவு கழிக்கணும்?
ஒரு விதி சொல்லுங்க. புரோகிராம்ல போடணும்.’
ஷீட்டைப் பார்த்தார்.
தராசைப் பார்த்தார்.
‘அது பாத்தா தெரியும்லா பிள்ளே.’
‘அதுக்குக் கண்ணு இல்லையே’ என்றேன்.

வெளியே றோசிலி
தலைச்சுமையை இறக்கிக்கொண்டிருந்தாள்.
புத்தகத்தை எடுத்தேன்.
பெட்டி வாக்கியத்தின் ஓரத்தில்
‘வரி 9, ஓடாது’ என்று எழுதி,
கீழே கொஞ்சம் இடம் விட்டேன்.