மீட்டர்

ஞாயிறு காலை ஏழரை.
பாடாங் கோத்தா திடலோரம்
எங்கள் சங்கத்து வண்டிகள்
மூக்கைக் கடலுக்குக் காட்டி நிற்கின்றன.
குரோமியப் பல்லிளிக்கும் ஓர் ஆஸ்டின்,
பின்புறம் பெருத்த இரண்டு மோரிஸ் மைனர்,
டாக்டர் எபநேசரின் ஜாகுவார்.
அது வந்தது லாரி மேல்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

நான் செயலாளர். பதிவேடு, சந்தா,
நாசி லெமாக் பொட்டலம் என் பொறுப்பு.
எனக்கென்று வண்டி கிடையாது;
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று சேர்த்துக்கொண்டார்கள்.

எல்லாரும் பசியாறிக்கொண்டிருந்தபோது வந்தது அந்த டாட்சன்.
கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை.
இருமிக்கொண்டுதான். ஆனாலும் தன் காலில்.
இறங்கியவள் மங்கையர்க்கரசி,
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
"உறுப்பினர் ஆகணும்."

கூ தெய்க் பெங் வண்டியைச் சுற்றி வந்தார்,
கைகளைப் பின்னால் கட்டி, எதையும் தொடாமல்.
"இது டாக்சி" என்றார் மலாயில்.
"ஆமாம்" என்றாள், அவளும் மலாயில்.

படிவம் கொடுத்தேன்.
முந்தைய உரிமையாளர்: இருளாண்டி த/பெ கருத்தக்கண்ணு.
அடுத்த கட்டம், வண்டியின் சிறப்பு வரலாறு.
கவர்னர் ஏறினார், கல்யாண ஊர்வலம் போனது
என்றெல்லாம் மற்றவர்கள் எழுதியிருந்தார்கள்.
அவள் பேனா மூடியைக் கடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு எழுதினாள்:
பிரசவத்துக்கு ஒன்பது தடவை.
இரண்டு, பின்சீட்டிலேயே.
அப்பா காசு வாங்கவில்லை.
சீட் மாற்றப்பட்டது.

"அப்படியென்றால் சீட் ஒரிஜினல் இல்லை" என்றார் கூ.
"மூன்று மதிப்பெண் போகும்."

போகட்டும் என்பதுபோல் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.
கூ தலையை உள்ளே நீட்டினார்.
முன்பலகையில் மீட்டர், அதன் சின்னத் தகரக் கொடி.
சட்டப்படி தொடக்கூடாது. நடுவர் தொடவே கூடாது.
ஒரு விரலால் அழுத்தினார்.

டிக்.

எழுபது காசு.

எபநேசர் பொட்டலத்தை மூடிவிட்டு வந்தார்.
மோரிஸ்காரர்கள் இருவரும் வந்தார்கள்.
சுல்கிப்ளி ஜன்னலில் காதை வைத்தார்.
நகராத வண்டிக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது.
எண்பது.
தூரத்தில் பெர்ரி ஊதியது; யாரும் திரும்பவில்லை.
தொண்ணூறு.

"நிறுத்துங்க" என்றார் யாரோ, "யார் கட்டுறது?"
கூ விரலை எடுக்கவில்லை.

பதிவேட்டில் 'தற்போதைய நிலை' என்றொரு பத்தி உண்டு.
வழக்கமாக நன்று, சுமார், பழுது.
நான் எழுதினேன், என் நல்ல கையெழுத்தில்:
நின்றபடி ஓடுகிறது.
ஒரு வெள்ளி இருபது, இதுவரை.