நானூறு கிலோ

எஞ்சினியர் தரையில் வைத்த கோலிக்குண்டு
யாரும் தள்ளாமலே உருண்டு
என் அலமாரியின் காலடியில் போய் நின்றது.
"உத்திரம் தேக்குதான் சார்.
ஆனா தேக்குக்கும் இடுப்புவலி வரும்.
நானூறு கிலோ இறக்கிடுங்க."
வீட்டுக்கார முசே அந்துவான் பக்கத்தில் நின்று
கீழ்வீட்டுத் தூளிமேல் உதிர்ந்த
சுண்ணாம்புத் தூளை
உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

முத்தியால்பேட்டை, மாடி, வாடகை.
வந்தபோது முப்பது இசைத்தட்டு.
இப்போது மூவாயிரத்து நூறு.
ஞாயிறுதோறும் காந்தி வீதியில்
ஒற்றைச் செருப்புக்கும் மிக்சி மூடிக்கும் நடுவே
குனிந்தவன் நிமிரவே இல்லை.
சொல்தா வீடுகளைக் காலி செய்கிறவர்கள்
சைகோனில் வாங்கிய பிரெஞ்சுத் தட்டுகளை
எடைக்குப் போட்டுவிடுவார்கள்.
எனக்குப் பிரெஞ்சு தெரியாது.
எது மட்டமான பாட்டு என்றும் அதனால் தெரியாது.
வாங்கிவிட்டேன்.

முதலில் மூன்று குவியலாய்ப் பிரித்தேன்:
இருக்கட்டும், போகட்டும், தெரியவில்லை.
இரண்டாம் நாள் இரவு
தெரியவில்லை ஜன்னலை மறைத்தது.
சென்னையிலிருந்து நவ்ஷாத் போனில்,
"மொத்தமா குடுங்க, பிரிச்சா வெலை போகாது" என்றார்.
எஸ்தர், வெங்காயம் உரித்தபடி,
"ஊசி ஒன்னுதானே இருக்கு" என்றாள்.
நாளுக்கு ஒன்று வைத்தாலும்
ஒரு சுற்று வர எட்டரை வருஷம்.
எனக்கு அறுபத்தொன்று.
மேற்கொண்டு கணக்குப் போடாமல்
பேனாவை மூடினேன்.

காயலான் கடை முருகேசுவிடம்
தராசு இரவல் வாங்கி வந்தேன்.
ருசியைப் பார்த்தால் ஆகாது, கிராமைப் பார்ப்போம்.
ஆப்பெரா பெட்டி, இரண்டு கிலோ, போ.
எழுபத்தெட்டுச் சுற்று அரக்குத் தட்டெல்லாம்
அம்மிக் கனம், போ.
ஒரே நாதசுரம் மூன்று பிரதி,
ஒரு பெண்ணுக்கு மூன்று மாப்பிள்ளை பேசிய மாதிரி;
இரண்டு பேர் கிளம்புங்கள்.
உள்ளே தட்டே இல்லாத வெற்று உறை ஒன்று,
எண்பது கிராம்.
உறைக்குப் பின்னால் ஊதா மையில்:
'திருப்பித் தரவும். இது மூணாவது தடவை. ப. கோதண்டம்.'
அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் அந்தியில்
இருபத்தாறு பிராந்திப் பெட்டிகள்
படியிறங்கிக் கீழ்நடையில் நின்றன.
முந்நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோ.
மீதி நாலுக்கு நான் இளைத்துக்கொள்கிறேன்.

கதவைத் திறந்த வெண்ணிலா
தோளில் பிள்ளையோடு பெட்டிகளைப் பார்த்தாள்.
"எல்லாமே போகுதா?"
"பாதி."
"சில ராத்திரி ஒம்பது மணிக்கு ஒன்னு வைப்பீங்களே.
பாட்டெல்லாம் கீழ கேக்காதுங்க.
தொம். தொம்தொம். நின்னுடும்.
விட்டுப்போச்சோன்னு நெனைக்கறப்ப
மெதுவா இன்னொரு தொம்.
அதுக்குத்தான் இவன் கண்ணை மூடுவான்.
அதும் இதுல போயிடுச்சா?"

எனக்குத் தெரியவில்லை.
மூவாயிரத்து நூறையும்
மேலேயிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

ஏற்பாடு இப்படி:
மேலே ஒவ்வொன்றாக நான் வைக்க வேண்டியது.
அதுவேதான் என்றால்
ஒட்டடைக்கோலால் அவள் உத்திரத்தில்
ஒரு தட்டு தட்ட வேண்டியது.
(மெல்ல. எஞ்சினியர் காதில் விழுந்தால் தொலைந்தேன்.)
ஒரு பெட்டி மேலே ஏறினால் ஒரு பெட்டி கீழே.
முட்டிக்கு எஸ்தர் தைலம் வாங்கி வைத்திருக்கிறாள்,
கேள்வி கேட்காமல், இரண்டு புட்டி.
டாட்டா ஏஸ்காரர் சொன்னபடி ஞாயிறு வந்து
டீ குடித்துவிட்டுப் போனார்.

இன்று முந்நூற்றுப் பன்னிரண்டு.
யாரோ அக்கார்டியன் வாசிக்கிறார்கள்.
ஊசியை இறக்கிவிட்டு
சிவப்புத் தரையில் காதை ஒட்டிப் படுத்திருக்கிறேன்.
கீழே மின்விசிறி கடகடக்கிறது.
குக்கர் மூன்றாம் விசில்.
பிள்ளை சிணுங்குகிறான், நிறுத்துகிறான்,
இல்லை, சிணுங்குகிறான்.

எந்தத் தட்டுக்கும் இன்னும்
தட்டு விழவில்லை.