மூன்றாவது பிளக்

தாண்டிக்குடி ஏற்றத்தில் வண்டி விக்கியது.
இரண்டாவது கியரில் திணறல், முதல் கியரில் கெஞ்சல்.
காப்பித் தோட்டத்துக் கேட் எதிரே
சில்வர் ஓக் நிழலில் ஓரங்கட்டி
பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.

ஆம்னியில் எஞ்சின் இருப்பது
உட்காரும் இடத்துக்குக் கீழே.
என் ஆம்னியில்
தலைவைத்துப் படுக்கும் இடத்துக்கும் அதுவே கீழே.
ஆகவே மெத்தையைச் சுருட்டினேன்,
பிறகு வெங்காயக் கூடை,
பிறகு பண்ணைக்காட்டிலிருந்தே காயாத துணிகள்.
எதைப் பழுதுபார்க்கவும்
முதலில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் நான்.

சீட்டைத் தூக்கியதும் வெக்கை முகத்தில் அறைந்தது.
ரப்பர் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு
ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு ஒயராய்ப் பிடுங்கினேன்.
முதலாவது: தடுமாறியது. நல்லது.
இரண்டாவது: நின்றே போகப் பார்த்தது. ரொம்ப நல்லது.
மூன்றாவது:
ஒன்றும் மாறவில்லை.
ஒரே வீட்டில் ஒருத்தர் பேசாமலே இருந்திருக்கிறார்,
மற்ற இரண்டு பேரின் சத்தத்தில்
எனக்குத் தெரியவில்லை.

சூட்டோடு கழற்றினால் மரை போகும்.
ஒரு மணி நேரம் மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மஞ்சு ஏறி வந்து வண்டியை நனைத்தது.

நிலக்கோட்டையில் விற்றவர்கள் மறைக்கவில்லை,
ஆஸ்பத்திரி வண்டிதான், ஸ்டிக்கரை உரித்துவிட்டோம் என்றார்கள்.
ஆனால் ஈரம் பட்டால் போதும்,
முன்னால் போகிறவர் கண்ணாடியில் படிப்பதற்காக
இடம்வலம் மாற்றி எழுதிய அந்தச் சொல்
நெற்றியில் திரும்ப வந்துவிடும்.

மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று கிறீச்சென்று நின்றது.
"உள்ள யாருக்கா? என்ன செய்யுது?"
ஓடிவந்தவர் பெயர் சடையாண்டி.
"பிளக்குக்கு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
செல்போன் வெளிச்சத்தை எஞ்சினுக்குள் பிடித்தார்.

முதல் இரண்டும் வறுத்த முந்திரி நிறம்.
மூன்றாவது கரி. எண்ணெய்ப் பிசுக்கோடு
முனையே தெரியாத கரி.
"இது நேத்து இன்னிக்கு வந்ததில்லக்கா" என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
ஸ்பேனரைப் பிடித்தபடி சும்மா இருந்தேன்.
ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில்தான் என் மெத்தை.
இரண்டு சிலிண்டரோடு இந்த வண்டி
மேட்டில் மூச்சு வாங்கிய இரவுகளில்
அங்கே படுத்திருந்தது யார்?
போய்ச் சேர்ந்தார்களா?

புது பிளக் மூன்றும் வத்தலக்குண்டில் வாங்கியவை,
கடுகு டப்பாவில் வைத்திருந்தேன்.
உடைந்த ஆக்ஸா பிளேடை முனைக்குள் விட்டு
இடைவெளி பார்த்தேன்.
நெருங்கினாலும் பொறி இல்லை,
விலகினாலும் இல்லை.
(இதற்கு மேல் இதைப் பற்றி யோசிப்பதாக இல்லை.
மதுரையில் விட்டுவந்த ஆளோடு அது முடிந்தது.)

மூன்றாவதுக்குக் கை எட்டவில்லை.
கோணலாய் ஏறினால் ஹெட்டே போய்விடும்.
"ரப்பர் டியூப் துண்டு இருந்தா
பிளக்கை அதுல செருகி, பூ மாதிரி சுத்தலாம்" என்றார்.
இருவரும் ஒரே நேரத்தில்
அடுப்பைப் பார்த்தோம்.

சிலிண்டரை மூடி, கேஸ் டியூபில் நான்கு விரற்கடை அறுத்தேன்.
மீதி அடுப்புக்கு எட்டவில்லை.
பிளக் போய் உட்கார்ந்தது,
ஒரு சுற்று, இரண்டு, ஏழு,
விரலுக்குள் மரை மரையாய்த் தெரிந்தது.

சாவியைத் திருப்பினேன்.
அப்படி ஒரு சத்தத்தை எட்டு மாதத்தில் நான் கேட்டதில்லை.
"இப்பதான் வண்டி" என்றார் சடையாண்டி,
ஒரு சீப்பு மலைவாழையை வெங்காயக் கூடைமேல் வைத்துவிட்டு
காசு என்ற பேச்சு வருமுன் ஜீப்பில் ஏறிவிட்டார்.
இரவுக்கு அதுதான்.

பழைய பிளக்கை எறிய மனம் வராமல்
டேஷ்போர்டில் போட்டேன்.
வளைவுக்கு வளைவு உருண்டு தட்டுகிறது.

ஆடலூருக்கு முன்னால் ஒரு பஸ்
கண்ணாடியில் என்னைப் படித்துவிட்டு
முழுதாக ஒதுங்கி, கையைக் காட்டி, வழிவிட்டது.
எனக்கு எந்த அவசரமும் இல்லை.
ஆனாலும்
மூன்றாவது கியரில்
முந்தினேன்.