லீபரோஸ மணல் நிலையம்: திருத்திய விதிகள்

ஒன்று.
வெளிக்கிடும் எவரும் கதவடிப் பலகையில்
தன் பெயர்த்தகட்டை 'வெளியே' பக்கம் மாட்டவேண்டும்.
திரும்பியதும் 'உள்ளே'.
போன ஆவணியில் ஒருவர் மாற்ற மறந்தார்.
தீயணைப்பு வண்டிகள் இரண்டு வந்து நின்றன.
அவரோ பேர்லினில்
பல்வைத்தியருக்கு வாயைத் திறந்தபடி கிடந்தார்.

இரண்டு.
வெள்ளை முளைகளுக்கு இடையில் மட்டும் நடக்கவும்.
இதற்கு விளக்கம் எழுதித்தரச் சொன்னார்கள்.

நாற்பது வருடம் டாங்கிகள் உழுத நிலம் இது.
அதற்கு முன்பு தீ.
தீக்கு முன்பு பைன் காடு.
பாலைவனம் என்கிறார்கள் யேர்மன்காரர்,
மழையில் நனைந்தபடியே.
சிரிக்க ஒன்றுமில்லை.
மற்ற நான்கு நிலத்துக்கும் சொந்த மண் உண்டு,
பாலைக்கு மட்டும் கிடையாது,
காடு தன் குணம் கெட்டால் அதுதான் பாலை என்று
எங்கள் மொழிக்கு எப்போதோ தெரியும்.
இதெல்லாம் விதிப்புத்தகத்தில் வராது என்றார்
நிர்வாகத்தில் இருக்கும் வீப்க லேனிக்.
அடிக்குறிப்பாக விட்டிருக்கிறேன்,
சின்ன எழுத்தில்.

மூன்று.
பத்து சென்ரிமீற்றருக்குக் கீழே தோண்டாதீர்கள்.
அதற்குக் கீழே என்ன கிடக்கிறது என்று
போட்டுவிட்டுப் போனவர்களும் எழுதிவைக்கவில்லை.

நான்கு.
செத்த பல்லிகளை
வெண்ணெய் இருக்கும் தட்டில் வைக்கவேண்டாம்.
யார் வைத்தது என்று எங்களுக்குத் தெரியும்.

படிப்பிக்க வருவோருக்கு:
பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் கூட்டிவராதீர்கள்.
போகும்போது எண்ணுங்கள்.
கொண்டலாத்தி கூவினால் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள்,
அப்போதும் எண்ணுங்கள்.
'இங்கே ஒன்றுமே இல்லையே' என்று
முதல்நாள் ஒருவர் கட்டாயம் சொல்வார்.
திருத்தவேண்டாம்.
ஒரு மீற்றர் கயிற்றுச் சதுரம் போட்டு
அதன் முன்னால் ஒரு மணித்தியாலம் இருத்துங்கள்.
குழியானை தன் கிண்ணத்தை மூன்றுமுறை கட்டும்,
எறும்பு இரண்டுமுறை தப்பும்.
சாம்பல் லைக்கன்
சப்பாத்தின் கீழ் அப்பளமாய் நொறுங்கும்.
அந்த ஓசையை ஒருதரம் கேட்டவர்
அடுத்த அடியை யோசித்து வைப்பார்.

விதி ஆறு முதல் பத்து வரை
ட்ரோன், நெருப்பு, ஓநாய், வாகனம், காப்புறுதி பற்றியவை.
பழையபடியே இருக்கட்டும்.

பதினொன்று புதியது.
இறகு பொறுக்குவதற்காக முளை தாண்டக்கூடாது.

வைகாசியில் டோர்பன் தாண்டினான்.
பன்னிரண்டு அடி.
பதின்மூன்றாவதுக்குக் காலைத் தூக்கியபோது
'அசையாத!' என்று கத்தினேன்,
தமிழில்.
நின்றான்.
எப்படி விளங்கியதோ.
திரும்பாதே,
வந்த அடியிலேயே அடி வைத்துப்
பின்னால் வா என்று
மெதுவாய் யேர்மனில் சொன்னேன்.
பன்னிரண்டு முறை சொன்னேன்.

வெளியே வந்து தண்ணீர் குடித்தபின் கேட்டான்,
இதை எந்தப் பயிற்சியில் பழகினீர்கள் என்று.
முகமாலையில் என்றேன்.
எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் போகும் பாதையில்
இரண்டு பக்கமும் சிவப்புத் தடிகள்.
விதி என்று ஒருவரும் தாளில் தரவில்லை,
பலகையில் ஒரு மண்டையோடு மட்டும்.
அது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டான்.
பகிடி இல்லை, உண்மையாகத்தான் கேட்டான்.
இறகு அந்த இடத்திலேயே கிடக்கிறது,
மழைக்குக் கொஞ்சம் கறுத்து.

பன்னிரண்டு.
புறப்படுமுன் சப்பாத்தைத் தட்டுங்கள்.
மணல் எங்கள் கணக்கில் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் இதை எழுதி முடித்து
கடைசி முளை வரை நடந்து போனேன்.
வேலை ஒன்றும் இல்லை.
மணலில் வெயில் இறங்க இறங்க
வெள்ளிப்புல் ஒவ்வொன்றும் தன் நிழலை நீட்டியது.
கைபேசி அடித்தது.
வீப்க லேனிக்:
'பலகையில் ஒரு தகடு இன்னும் வெளியே நிற்கிறது.
கதவைப் பூட்டவா, வேண்டாமா?'

வாறன் என்றேன்,
அதையும் தமிழில்.

கோ. நளாயினி
பாதுகாப்புப் பொறுப்பு